உழைப்பாளரின் தூதர் ஆல்பர்ட் தாமஸ்

போர்க்களத்தில் வென்றவர்களுக்கு உலகம் ஊர்தோறும் சிலை எழுப்பி வைத்திருக்கிறது. ஆலையில் உழைப்பவன் பொழுது சாயும் வேளையில் வீடு திரும்பி, தன் குழந்தையோடு சிறிது நேரம் பேசி மகிழ வழி செய்தவர்களின் பெயர்களோ பலருக்குத் தெரிவதில்லை. அத்தகையோருள் ஒருவர் ஆல்பர்ட் தாமஸ். பிரான்சு நாட்டவர், சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் முதல் இயக்குநர். படையும் சிறையும் இல்லாத ஓர் அலுவலகத்தைக் கொண்டு, பேச்சாலும் அறிவாலும் விடாமுயற்சியாலும் வல்லரசுகளை இணங்க வைக்கலாம் என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்பதே அவருடைய வாழ்க்கை வரலாறு.

பாரிசு நகருக்கு அருகே, மார்ன் ஆற்றங்கரையில் ஷாம்பிஞி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1878ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் தாமஸ் பிறந்தார். தந்தை ரொட்டி சுட்டு விற்பவர். ஊர் விழிக்கும்போது ரொட்டி சூடாகக் கடையில் இருக்க வேண்டும். அதற்காக, ஊர் உறங்கும்போது ரொட்டி சுடுவோர் விழித்திருக்க வேண்டும். அந்தத் தொழிலின் இயல்பு அது. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது மீண்டும் வரும்.

ஏழ்மை அவருடைய கல்வியைத் தடுக்கவில்லை. பிரான்சின் புகழ் வாய்ந்த எக்கோல் நார்மால் கல்லூரியில் பயின்று, 1902இல் வரலாற்று ஆசிரியர் தகுதித் தேர்வில் நாட்டிலேயே முதல்வராகத் தேறினார். பேராசிரியராக அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ஜோரே 1904இல் தொடங்கிய நாளிதழில் எழுதும் பணியையே விரும்பி ஏற்றார். தொழிற்சங்கங்களைப் பற்றியும் கூட்டுறவைப் பற்றியும் எழுதினார். 1910இல் பாராளுமன்ற உறுப்பினரானார். 1912இல் தாம் பிறந்த ஊருக்கே நகரத் தலைவரானார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. போர் தொடங்கும் தறுவாயில், அமைதிக்காக வாதாடிய ஜோரே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தொண்டரான தாமஸோ அடுத்த ஆண்டு பீரங்கி, வெடிமருந்துத் துறையின் துணை அமைச்சரானார். 1916 இறுதியில் படைக்கல அமைச்சராகவே உயர்ந்தார். சோஷலிஸ்டுகள் பலர் இதை மன்னிக்கவில்லை. அவர்களுடைய சினத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்தப் பதவியில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. குண்டு செய்யும் ஆலைகளில் ஆண்களின் இடத்தைப் பெண்கள் நிரப்பினார்கள். அவர்களுடைய வேலை நேரம், கூலி, உடல்நலம் ஆகியவற்றை ஆராய 1916இல் ஒரு குழு அமைத்தார். அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் வேலை நடக்கும் என்பதை அந்நாளில் கண்டார். போருக்காகக் கற்ற அந்த முறை பிற்பாடு அமைதிக்குப் பயன்பட்டது.

1919இல் வர்சேல்ஸ் உடன்படிக்கையின் ஒரு பகுதியாகச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் பிறந்தது. அதன் அமைப்பு புதுமையானது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அரசின் சார்பில் இருவர், முதலாளிகளின் சார்பில் ஒருவர், தொழிலாளரின் சார்பில் ஒருவர் மாநாட்டுக்கு வருவார்கள். நால்வருக்கும் தனித்தனி வாக்கு. மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெற்ற உடன்படிக்கையை, ஓராண்டுக்குள், தவறினால் ஒன்றரை ஆண்டுக்குள், ஒவ்வொரு நாடும் தன் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த நாட்டின் உரிமை. நிறுவனத்தின் வலிமை இவ்வளவுதான்.

முதல் மாநாடு அந்த ஆண்டு இறுதியில் வாஷிங்டன் நகரில் கூடியது. தாமஸ் அங்கே செல்லவில்லை. எனினும் ஆட்சிக் குழு அவரையே இயக்குநராகத் தேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 41.

அந்த மாநாட்டில் இயற்றப்பட்ட முதல் உடன்படிக்கை, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாக அங்கே சென்றவர் என். எம். ஜோஷி. அவருக்கு ஆலோசகராக உடன் சென்றவர் பி. பி. வாடியா. 1918 ஏப்ரலில் சென்னைப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் இவர்தாம்; திரு.வி.க. அந்தச் சங்கத்தை வளர்த்தவர்களுள் ஒருவர் என்பதைத் தமிழர் அறிவர். ஆனால் இந்தியாவுக்கு அந்த மாநாடு தந்தது 48 மணி அன்று, 60 மணி. நெசவாலைகளில் நாளுக்கு 12 மணி உழைத்தவர்களுக்கு அதுவும் ஓர் ஆறுதலே. 1922இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு 60 மணி நடைமுறைக்கு வந்தது. மேலை நாட்டவனுக்கு ஓர் அளவு, கீழை நாட்டவனுக்கு ஓர் அளவு என்ற குறை, 1948ஆம் ஆண்டுச் சட்டம் 48 மணி என்று விதிக்கும் வரை முற்றும் நீங்கவில்லை.

1920இல் அலுவலகம் ஜெனீவாவுக்குச் சென்றது. பழைய விடுதிப் பள்ளி ஒன்றே அதன் முதல் இருப்பிடம். தாமஸ் அங்கே ஓர் எழுத்தராக இருக்க மறுத்தார். ஆண்டுதோறும் உலகத் தொழிலாளரின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, மாநாட்டின் முன் வைத்து, விவாதத்துக்கு விடை கூறினார். அரசுகளை நினைவூட்டவும் இடித்துரைக்கவும் ஊர் ஊராகப் பயணம் செய்தார்.

அறிவியல் மாணவனாகிய என் உள்ளத்தைக் கவர்வது 1921ஆம் ஆண்டு மாநாடு. அக்காலத்தில் சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்தில் காரீயத்தின் கார்பனேட் உப்புச் சேர்ந்திருந்தது. அது நன்றாகப் படியும், நன்றாக மூடும். ஆனால் பழைய பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூசி மூச்சோடும் உணவோடும் உள்ளே சென்று, வர்ணம் பூசுவோரின் குடலையும் நரம்பையும் கெடுக்கும். காரீயம் சிறுகச் சிறுக எலும்பில் தங்கிவிடும். இதற்கு மாற்றாகத் துத்தநாக வெள்ளை இருந்தது. இருந்தும் வணிகர்கள் எதிர்த்தார்கள். முடிவில் கட்டடங்களின் உட்புறப் பூச்சில் காரீய வெள்ளை, சில விலக்குகளோடு, தடுக்கப்பட்டது. பெண்களையும் 18 வயதுக்குட்பட்ட இளைஞரையும் அதைக் கொண்டு செய்யும் தொழிற்பூச்சு வேலையில் அமர்த்தலாகாது என்று விதிக்கப்பட்டது. வேதியியல் நூலில் ஒரு வரியாகப் படிக்கும் நச்சு, சட்டத்தின் மொழியில் ஒரு மனிதனின் உயிராக மாறுகிறது.

உழவுத் தொழிலாளரைப் பற்றிப் பேச இந்த நிறுவனத்துக்கு உரிமை உண்டா என்ற வழக்கு 1922இல் ஹேக் நகரிலிருந்த உலக நீதிமன்றத்துக்குச் சென்றது. உரிமை இல்லை என்றது பிரான்சு அரசு. தாமஸ் பிரெஞ்சுக்காரர், அந்த நாட்டின் முன்னாள் அமைச்சர். ஆயினும் நீதிமன்றத்தில் நிறுவனத்தின் சார்பில் நின்று, தம் நாட்டு அரசின் கருத்துக்கு எதிராக வாதாடினார். தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் வந்தது. உலகப் பணியை ஏற்றவன் எந்தக் கொடியின்கீழ் நிற்க வேண்டும் என்பதை அன்று அவர் காட்டினார்.

இப்போது ரொட்டிக் கடைக்கு வருவோம். 1925ஆம் ஆண்டு மாநாடு, இரவில் ரொட்டி சுடுவதைத் தடுக்கும் உடன்படிக்கையை இயற்றியது. கூலியாட்களுக்கு மட்டும் அன்று, தானே மாவு பிசையும் கடைக்காரருக்கும் அது பொருந்தும் என்றது. முதலாளி தன் கையால் செய்யும் வேலையைத் தடுக்க இவர்கள் யார் என்று கேள்வி எழுந்தது. மீண்டும் வழக்கு. 1926இல் நீதிமன்றம், தொழிலாளரைக் காக்கும் பொருட்டு அதையும் நிறுவனம் வரையறுக்கலாம் என்று கருத்துரைத்தது. ரொட்டிக் கடைக்காரரின் மகன் தலைமை தாங்கிய நிறுவனத்துக்கு இந்த வெற்றி கிடைத்தது பொருத்தமே.

அதே 1926இல் ஜெனீவா ஏரிக்கரையில் நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. அதன் வாயிற்கதவுக்கு மூன்று பூட்டு; மூன்று சாவி. அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் என்பது பொருள்.

தாமஸ் எல்லாவற்றிலும் வென்றார் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. 8 மணி உடன்படிக்கையைப் பிரிட்டன் ஏற்கவே இல்லை. பிரிட்டனும் ஜெர்மனியும் ஏற்றால்தான் தாமும் நடத்துவோம் என்ற நிபந்தனையோடு பிரான்சு 1927இல் கையெழுத்திட்டது. பக்கத்து நாடு மலிவாக விற்றுவிடுமே என்ற வாணிக அச்சமே எல்லோரையும் தடுத்தது. 1930இல் கட்டாய வேலையை எதிர்த்து இயற்றிய உடன்படிக்கையும், இடைக்காலத்துக்கு ஆண்டில் 60 நாள் வரை குடியேற்ற ஆட்சியாளர்க்கு இடம் கொடுத்தது. ஆனாலும், இல்லாமையைவிட இருப்பதைத் தொடக்கமாகக் கொள்வது அவருடைய வழி. உலகப் பொருளாதார மந்தம் கோடிக்கணக்கானோரின் வேலையைப் பறித்தபோது, நாடுகள் ஒன்றுசேர்ந்து சாலை, மின்சாரம் போன்ற பொதுப்பணிகளைத் தொடங்கலாம் என்று 1931இல் திட்டம் கொடுத்தார். அரசுகள் செவி சாய்க்கவில்லை.

ஓயாத உழைப்பு உடலைத் தின்றது. 1932 மே மாதத்தில் பாரிசு நகரில் திடீரென உயிர் நீத்தார். வயது 53. எட்டு மணி நேரத்துக்காகப் போராடியவர், தமக்கு மட்டும் அந்த வரையறையை வைத்துக்கொள்ளவில்லை! அவருடைய காலத்தில் 33 உடன்படிக்கைகள் இயற்றப்பட்டன. அவரை ஆதரித்த சர்வதேச சங்கம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது; அவர் வளர்த்த நிறுவனம் அழியவில்லை. 1969இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றது. ஏரிக்கரைக் கட்டடத்தில் இன்று உலக வாணிக நிறுவனம் இருக்கிறது. வாணிகமும் உழைப்பும் ஒரே கூரையின்கீழ் வாழ வேண்டியவை என்பதை அந்தச் சுவர்கள் அறியும்.

2023 ஏப்ரலில், ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலைக்கு இடம் தரும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு முன் எழுதிய கணக்கு இன்னும் முடியவில்லை. நாளை ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லப்போகும் மாணவர் நாம். நம்மிடம் வேலை செய்வோரின் பொழுதும் நம் பொழுதைப் போன்றதே என்று எண்ணினால், ஆல்பர்ட் தாமஸுக்கு அதைவிட வேறு சிலை வேண்டுமோ?