டார்வினும் இரு வகை மகரந்த மணிகளும்

சார்ள்ஸ் டார்வின் என்றதும் கூர்ப்புக் கொள்கைதான் நினைவுக்கு வரும். ஆனால் அவரது சிறிய கண்டுபிடிப்புகளில் அவருக்கு அதிக மகிழ்ச்சி தந்தது ஒரு பூவின் இரகசியம்.

1809 இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்த டார்வின், 1839 இல் தனது தாய்மாமன் மகள் எம்மாவை மணந்தார். எமது வழக்கில் சொன்னால், மச்சாளைக் கட்டினார். 10 பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். 1851 இல் 10 வயதில் இறந்த ஆனியை நினைத்து, கால்நூற்றாண்டு கடந்தும் அவர் கண்கலங்கினார். நெருங்கிய உறவில் செய்த திருமணம் பிள்ளைகளைப் பாதித்ததோ என்ற கவலை அவரை விடவில்லை.

கென்ட் பகுதியில் டவுண் கிராமத்திலிருந்த தனது வீட்டில், 1860 அளவில் அவர் பிரிமுலாப் பூக்களை ஆராயத் தொடங்கினார். ஒரே இனத்தில் சில செடிகளின் பூக்களுக்குத் தம்பம் நீளம், சிலவற்றுக்குக் குட்டை. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது மகரந்த மணிகளும் வேறுபட்டன. நீண்ட தம்பப் பூவில் மணிகள் சிறியவை, குட்டைத் தம்பப் பூவில் பெரியவை.

நீண்ட தம்பச் செடிகள் பெண்ணாகவும் மற்றவை ஆணாகவும் மாறிவருகின்றன என்றே அவர் முதலில் எண்ணினார். அப்படியானால் குட்டைத் தம்பச் செடிகள் குறைவாகவே வித்துத் தரவேண்டும். எண்ணிப் பார்த்தால், அவைதான் கூடுதலாகத் தந்தன.

எண்ணம் பிழைத்ததும், பூச்சிகள் நெருங்காதபடி செடிகளை வலையால் மூடி, தன் கையாலேயே மகரந்தம் சேர்த்தார். ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையின் குறியில் பட்டபோது வித்துகள் நிறைந்தன. தன் வகைக்குள்ளேயே சேர்ந்தபோது குறைந்தன. இரு வகையும் ஒன்றுக்கொன்று தேவையானவை. வேறுபாடு குறையல்ல, அயல்மகரந்தச் சேர்க்கைக்கான ஏற்பாடு. இதை 1862 இல் கட்டுரையாகவும் 1877 இல் நூலாகவும் வெளியிட்டார்.

செடியில் கண்டதை மனிதரிலும் அறிய விரும்பினார். 1871 குடிசன மதிப்பீட்டில் மைத்துனத் திருமணம் பற்றிய கேள்வியைச் சேர்க்க முயன்றார், பாராளுமன்றம் மறுத்தது. பின்னர் மகன் ஜோர்ஜ் இதை ஆராய்ந்து, நல்ல சூழலில் வாழ்வோருக்குப் பாதிப்பு சிறிதே என 1875 இல் எழுதினார்.

1882 ஏப்ரல் 19 இல் டார்வின் காலமானார். எம்மா அவருக்குப் பின் 14 ஆண்டுகள் வாழ்ந்தார்.