ஜாக்கி மிட்செல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டென்னசி மாநிலத்தைச் சார்ந்த ஜாக்கி மிட்செல் அம்மையார், இளமையிலேயே தந்தையாரிடம் பேஸ்பால் ஆட்டம் பயின்றார். அண்டை வீட்டில் வாழ்ந்த டாசி வான்ஸ் என்னும் புகழ்பெற்ற வீரர், அடிப்பவரை நெருங்குங்கால் திடுமெனத் தாழும் பந்தை எறியும் நுட்பத்தை அவருக்குக் கற்பித்தார். இடக்கையால் எறியும் அச்சிறுமிக்கு அதுவே பிற்காலத்தில் படைக்கலமாயிற்று.

1931-ஆம் ஆண்டில் சட்டனூகா நகரக் குழுவின் தலைவர் ஜோ எங்கல், பதினேழு வயதே நிரம்பிய மிட்செலைத் தம் குழுவில் அமர்த்தினார். எங்கல் வேடிக்கைகள் நிகழ்த்திக் கூட்டம் சேர்ப்பதில் வல்லவர். ஆகவே இதுவும் அத்தகையதே என்று பலர் நகைத்தனர்.

ஏப்ரல் 2-ஆம் நாள், நியூயார்க் யாங்கீஸ் என்னும் பெருங்குழு அந்நகரில் ஆட வந்தது. ஏறத்தாழ நாலாயிரம் மக்கள் திரண்டனர். தொடக்கத்தில் பந்தெறிந்தவரை இருவர் நன்கு அடித்துவிடவே, மிட்செல் களத்திற்கு அழைக்கப்பட்டார். எதிரில் நின்றவரோ பேப் ரூத்! பேஸ்பாலில், அடிப்பதற்கு உரிய பந்துகளுள் மூன்றைத் தவறவிட்டவர் ஆட்டமிழப்பார். ரூத் இருமுறை மட்டையை வீசித் தவறினார். அடுத்த பந்தை அடியாது விட்டார். அதுவும் உரிய பந்தே என்று நடுவர் தீர்ப்பளித்தார். ரூத் சினங்கொண்டு மட்டையை எறிந்துவிட்டு அகன்றார். அடுத்து வந்த லூ கெரிக் மூன்று பந்துகளையும் வீசித் தவறினார். மூன்றாமவர் பந்தடியாமலே முதல் தளத்தை அடைந்ததும் மிட்செல் விலக்கப்பட்டார். ஆட்டத்தில் யாங்கீஸ் குழுவே 14–4 என்ற கணக்கில் வென்றது.

இஃது ஒரு நாடகம் என்பாரும் உளர். ஆட்டம் முதலில் ஏப்ரல் முதல் நாளுக்கே குறிக்கப்பட்டு, மழையால் தள்ளிப்போயிற்று என்பதையும் அவர்கள் சுட்டுவர். ஆயினும் ரூத்தும் கெரிக்கும் இடக்கை ஆட்டக்காரர்கள். இடக்கையர் எறியும் பந்து இடக்கையருக்குத் தொல்லை தருவது ஆட்டம் அறிந்தோர் கண்ட உண்மை. முன்பின் பழகாத தாழ்பந்தில் பெருவீரரும் தவறுதல் விந்தையன்று.

பின்னர் மிட்செல் ஊர் ஊராகச் சென்று ஆடினார். 1933-இல், தாடி வளர்த்த ஆடவரைக் கொண்ட 'ஹவுஸ் ஆஃப் டேவிட்' குழுவிற் சேர்ந்தார். அங்குச் சிற்சில வேளைகளில் அவருக்கும் பொய்த்தாடி கட்டினர்! திறமையைக் காட்ட வந்தவரை வேடிக்கைப் பொருளாக்கிய அவ்வாழ்வை வெறுத்து, 1937-இல் ஆட்டத்தைத் துறந்து, தந்தையாரின் கண்கண்ணாடித் தொழிலகத்தில் பணிபுரிந்தார். 1943-இல் பெண்களுக்கெனத் தொழில்முறைக் குழுக்கள் தோன்றியபோது அழைப்பு வந்தும் அவர் செல்லவில்லை. 1952-இல் ஆடவர் குழுக்களில் மகளிரை அமர்த்துதல் தடுக்கப்பட்டது.

1982-இல் சட்டனூகா குழு தன் ஆட்டப் பருவத்தின் முதற்பந்தை எறிய அவரை அழைத்துச் சிறப்பித்தது. அன்று ரூத்தை வீழ்த்தியது மெய்யே என்பதில் இறுதிவரை உறுதியாக நின்ற அம்மையார், 1987-இல் காலமானார்.