மின்னியல் கண்ட மெல்லியலாள்

பழங்காநத்தத்தில் என் தந்தையார் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். தாமிரக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றித் தருவது சிறு வயது முதல் என் வேலை. எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை. ஆயினும் பத்தாம் வகுப்பு முடிந்து பாலிடெக்னிக்கில் மின்னியல் பிரிவு கேட்டபோது, அது ஆண்பிள்ளைகளின் படிப்பு என்று வீட்டில் முடிவாயிற்று. இன்று கலைக்கல்லூரியில் இயற்பியல் பயில்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் அ. லலிதா அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அம்மையார் 1919 ஆகஸ்டு 27 அன்று சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியற் கல்லூரிப் பேராசிரியர். வீட்டில் ஆண்பிள்ளைகள் பொறியியல் பயில, லலிதாவுக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. 1937-இல் பெண் குழந்தை பிறந்து நான்கு மாதமே ஆகியிருந்தபோது கணவர் காலமானார். பதினெட்டு வயதில் கைம்பெண்! அக்காலத்தில் அப்பெண்களின் நிலை எதுவென்று நம் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும்.

அவர் மூலையில் முடங்கவில்லை. மருத்துவம் பயிலலாமா என்று எண்ணினார். பெண்களுக்கு அப்போது திறந்திருந்த வாசல் அது. ஆனால் நோயாளி நள்ளிரவில் அழைப்பார். குழந்தையை விட்டு ஓட வேண்டும். பகலில் வேலை, மாலையில் மகள் என்றிருக்க வேண்டுமென்றே பொறியியலைத் தேர்ந்தார். வீரத்துக்காக அன்று, குழந்தைக்காக! இந்த இடந்தான் என்னை வெகுவாகத் தொட்டது. பெண்ணுக்குப் பொருந்தாத தொழில் என்று ஊர் சொன்னதே அத்தாய்க்கு மிகப் பொருத்தமாக இருந்தது.

கிண்டியில் அதுவரை பெண் எவரும் பயின்றதில்லை. தந்தையார் முதல்வர் சாக்கோ அவர்களிடமும், கல்வி இயக்குநர் ஸ்டாத்தம் அவர்களிடமும் பேசி இசைவு பெற்றார். 1940-இல் நூற்றுக்கணக்கான ஆண்களிடையே ஒருவராக லலிதா சேர்ந்தார். அடுத்து லீலம்மா ஜார்ஜ், திரேசியா இருவரும் கட்டடப் பொறியியலில் சேரவே தனிமை தீர்ந்தது. 1943-இல் அம்மையார் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்ற பொருளில் அச்சாகியிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம். அச்சடித்தவருக்கு அப்படியொரு நாள் வருமென்று தோன்றவே இல்லை போலும்!

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி. சிம்லாவில் அரசுப் பணி. 1948 முதல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் வடிவமைப்புப் பணி. சட்லெஜ் நதியின் பக்ரா நங்கல் திட்டத்து மின்பணிகளில் இவர் பங்கும் உண்டு. 1964-இல் நியூயார்க்கில் கூடிய முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் சென்றார். மறுமணம் செய்யாமல், உறவினர் துணையோடு மகளை வளர்த்தார். 1979-இல் தம் அறுபதாம் வயதில் மறைந்தார்.

இக்கட்டுரையை என் தந்தையாரிடம் படித்துக் காட்டினேன். என் தங்கை இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். மின்னியல் டிப்ளமோ எத்தனை ஆண்டு என்று கேட்டார். மூன்று என்றேன்.