முதலிடம் எதற்கு? – டொக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

யாழ்ப்பாணத்தில் படித்த நமக்குப் பண்டத்தரிப்பு தூரத்து ஊர் அல்ல. நியூயோர்க்கில் நல்ல வருவாயுடன் வைத்தியத் தொழில் நடத்திய டொக்டர் ஜோன் ஸ்கடர், 1819இல் அதை விட்டுக் கப்பலேறி வந்து, நம் மக்களுக்கு வைத்தியம் பார்த்த ஊர் அது. உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும் அதே கப்பலில் வந்தவரே. 1836இல் ஸ்கடர் சென்னைக்கு மாறிச் சென்றார். அவருடைய பிள்ளைகளும் தென்னிந்தியாவில் மிஷன் ஊழியத்தில் இறங்கினர். அக்குடும்பத்தில், தான் ஒருபோதும் மிஷனரியாவதில்லை என்று உறுதிகொண்டிருந்த பேத்தி ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூர்கிறோம்.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் பிறந்தார். சிறுவயதில் கண்ட பெரும் பஞ்சமும், பசித்த பிள்ளைகளின் முகங்களும் அவர் மனதில் தங்கிவிட்டன. பின்னர் அமெரிக்காவில் உறவினரிடம் அவரை விட்டுவிட்டுத் தாயாரும் இந்தியாவுக்குத் திரும்பவே, தனிமை அவரை வாட்டியது. பெற்றோரைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கும் இந்த ஊழியம் தனக்கு வேண்டாம் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. நோர்த்பீல்டில் படிப்பை முடித்தபின், நோயுற்ற தாயாருக்கு உதவிசெய்து விரைவில் திரும்பிவிடும் நோக்கத்துடனேயே 1890இல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒரே இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக, அவர் வீட்டு வாசலுக்கு வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் வேறொரு உயர்குல இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தையார் வைத்தியர்தாம். ஆனால் ஆண் வைத்தியர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அவர்களுடைய வழக்கம் இடங்கொடுக்கவில்லை. ஐடா வரவேண்டுமென்று கேட்டனர். அவருக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். அந்த இரவை ஆண்டவரின் அழைப்பாக ஏற்றுக்கொண்ட ஐடா, தாம் வைத்தியம் கற்கப்போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

1899இல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டு வேலூர் வந்து சேர்ந்தார். பெண்களுக்கான வைத்தியசாலை கட்ட நியூயோர்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டொலர் கையில் இருந்தது. சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். அவரிடம் பயிலலாம் என்றிருந்த மகளுக்கு வழிகாட்ட அனுபவமுள்ள வைத்தியர் அருகில் இல்லை. ஆயினும் வீட்டிலேயே வைத்தியம் தொடங்கினார். ஆரம்பத்தில் வரத் தயங்கிய பெண்கள் மெல்ல மெல்ல வரலாயினர். இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902இல் 40 கட்டில்களுடன் வைத்தியசாலை திறக்கப்பட்டது. வரமுடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் வீதியில் மரநிழல்தோறும் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார்.

ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கமுடியும்? இந்நாட்டுப் பெண்களே வைத்தியராக வேண்டுமென்று 1909இல் தாதியர் பாடசாலையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையையும் தொடங்கினார். மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்று அதிகாரி ஒருவர் எண்ணியிருக்க, 151 வந்தன. முதல் அணியில் இறுதிவரை படித்த 14 பேரும் சித்தியடைந்தனர்.

கடும் சோதனை முதுமையில் வந்தது. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டத் தரத்துக்கு உயர்த்தப்படவேண்டும் என்று 1930களின் இறுதியில் சென்னை அரசு விதித்தது. உயராவிட்டால் மூடவேண்டியதுதான். 70 வயதில் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார் அம்மையார். ஆண்களையும் சேர்த்தால் பல சபைகளின் ஆதரவு கிடைக்கும் என்ற நிலை. ஆனால் பெண்களுக்கென்றே நிதி திரட்டித் தந்த நெடுநாள் தோழியான லூசி பீபொடி அம்மையார் அதை வன்மையாக எதிர்த்தார். தாம் பெண்களுக்காகவே கட்டிய கல்லூரி, தமக்குத் தோள்கொடுத்த நட்பு – இரண்டும் ஐடாவுக்கு அருமையானவை. எனினும் நோயாளருக்கு ஆண்டவர் வைத்த பணி நிலைக்கவேண்டும் என்பதையே மேலாக எண்ணி, ஆண்களைச் சேர்க்க இசைந்தார். 1942இல் பல்கலைக்கழக இணைப்புக் கிடைத்தது. 1947இல் ஆண் மாணவர் சேர்ந்தனர். அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார்.

விசுவாசத்துக்கு முதலிடம் கொடுப்பதென்றால் மற்ற அனைத்தையும் வெறுப்பது என்று சிலர் அஞ்சுவர். அம்மையார் தாயாரை நேசித்தார், முதுமையிலும் டெனிஸ் விளையாடினார், பூந்தோட்டம் வளர்த்தார். இவற்றில் எதுவும் முதலிடத்துக்கு வர விடவில்லை, அவ்வளவுதான். அந்த முதலிடம் அவரை மற்ற மதத்தாரிடமிருந்து பிரிக்கவுமில்லை. அவரை அழைத்த மூவரில் எவரும் கிறிஸ்தவர் அல்லர்.

கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவிகளாகிய நமக்கு வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் முதுமை என்று பொறுப்புகள் பல. அவை எல்லாம் நல்லவையே. ஐடாவும் நல்ல காரணத்துக்காகவே திரும்பிப்போக நினைத்திருந்தார். நம் வாசலுக்கும் யாரோ ஒருவர் உதவி கேட்டு வரக்கூடும். அப்போது எழுந்து கதவைத் திறக்கவும், நம்மால் முடியாததைக் கற்றுக்கொள்ளவும் ஆண்டவர் நமக்கு மனம் தருவாராக.