மண்ணில் வீழ்ந்த விண்வீரர்

இயற்பியல் வகுப்பில் செயற்கைக்கோள் பாடம் வரும்போதெல்லாம் யூரி ககாரினைப் பற்றி மாணவர்களைக் கேட்பது என் வழக்கம். விண்வெளி சென்ற முதல் மனிதர், 1961 ஏப்ரல் 12 என்று தயங்காமல் விடை வரும். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ராக்கெட் வெடித்து மாண்டார் என எண்ணியிருப்போரும் உண்டு. உண்மையில் அந்த மாவீரரைப் பலிகொண்டது ஒரு சாதாரணப் பயிற்சி விமானம்!

உருசிய நாட்டின் ஸ்மோலென்ஸ்க் வட்டாரத்தில், குளுஷினோ என்னும் சிற்றூரில் 1934 மார்ச் 9ஆம் நாள் பிறந்தார் ககாரின். தந்தை தச்சர், தாய் கூட்டுப்பண்ணையில் உழைத்தவர். 1941இல் ஜெர்மானியப் படை ஊருக்குள் புகுந்து வீட்டைப் பறித்துக்கொள்ள, மண்ணைத் தோண்டிய குழியொன்றே குடும்பத்திற்குக் குடிலாயிற்று. அண்ணனையும் அக்காளையும் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சென்றனர். இத்தனை துயரையும் கண்ட சிறுவன், போர் ஓய்ந்தபின் வார்ப்புத் தொழில் கற்றான். சராத்தவ் நகரில் தொழில்நுட்பம் பயின்றான். அந்நகரின் விமானக் கழகத்தில்தான் வானம் அவனுக்கு வசப்பட்டது. பின்னர் ஓரன்பர்க் இராணுவ விமானப் பள்ளி. ஆள் குள்ளம், உயரம் 157 சென்டிமீட்டர்தான். தரை சரியாகத் தெரியாமல் விமானத்தை இறக்கத் தடுமாறியதால், இருக்கையில் மெத்தை வைத்து உயர்த்தினார்களாம்.

வஸ்தோக் கலத்தில் 108 நிமிடங்களில் உலகைச் சுற்றி வந்த கதையை நாம் அறிவோம். சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தை விட்டு வெளியேறி, பாராசூட்டில் அவர் இறங்கிய இடம் சராத்தவ் வட்டாரமே. பறக்கக் கற்ற மண்ணே திரும்பவும் அவரை ஏந்திக்கொண்டது! அவ்வாண்டின் இறுதியில் இந்தியாவுக்கும் வந்தார். தில்லியில் பிரதமர் நேரு அவரை வரவேற்றார்.

புகழ் வந்தது, அதனுடன் ஒரு கூண்டும் வந்தது. 1967 ஏப்ரலில் சோயுஸ்-1 கலத்தின் பாராசூட் விரியாமல் நண்பர் கமரோவ் மாண்டார். அப்பயணத்திற்கு மாற்று வீரராக இருந்தவர் ககாரின். அதன்பின் அவரை மீண்டும் விண்ணுக்கு அனுப்ப அரசு அஞ்சியது. தனியாக விமானம் ஓட்டவும் தடை விதித்தது. நாட்டின் சின்னத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்க நினைத்தார்கள். அந்த அச்சம் புரிகிறது. ஆயினும், விண்வீரர்களைப் பயிற்றும் மையத்தின் துணைத்தலைவர், தாம் பறக்காமல் பிறரை மட்டும் பற என்று ஏவுவது எங்ஙனம்? அவரைப் பறக்க விட்டது பிழை என்போரோடு நான் உடன்படுவதில்லை.

1968 பிப்ரவரியில் ஜுகோவ்ஸ்கி விமானப்படைப் பொறியியல் கல்விக்கழகத்தில் பட்டம் பெற்றார். மார்ச்சில் மீண்டும் விமானத்தில் ஏறினார். பயிற்றுநருடன் 18 முறை, மொத்தம் 7 மணி நேரம். உலகமே கொண்டாடிய மனிதர் மாணவர் இருக்கையில் அடக்கத்துடன் அமர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். மார்ச் 27ஆம் நாள் கடைசிச் சோதனை. அதில் தேறினால் மிக்-17 விமானத்தைத் தனியே ஓட்டலாம். மிக்-15 பயிற்சி விமானத்தின் பின் இருக்கையில், உலகப் போரில் களம் கண்ட கர்னல் செர்யோகின். காலை 10.18க்குப் புறப்பட்டனர். பயிற்சி முடிந்தது, திரும்புகிறோம் என்று சுமார் 12 நிமிடங்களில் செய்தி வந்தது. பிறகு குரலே இல்லை. கிர்ழாச் நகருக்கு அருகே காட்டில் விமானம் மோதிச் சிதறிக் கிடந்தது. மரத்தில் சிக்கியிருந்த மேலங்கித் துண்டின் பையில் ககாரினின் காலை உணவுச் சீட்டு இருந்ததாம். அவருக்கு வயது 34.

காரணம் என்ன? அன்று மேகம் இரண்டு அடுக்காய்க் கவிந்திருந்தது. கூடுதல் எரிபொருள் தொட்டிகள் இறக்கைகளின் கீழ் தொங்கின. அவற்றோடு திடீரெனத் திருப்பினால் விமானம் நிலைகுலையும். வானிலைப் பலூனையோ மேகத்தையோ தவிர்க்கச் சட்டென்று திரும்பியிருக்கலாம் என்கின்றன 2011இல் வெளியான ஆவணங்கள். வேறொரு போர்விமானம் மிக அருகில் கடந்ததால் எழுந்த காற்றுச் சுழலில் சிக்கினர் என்று 2013இல் கூறினார் அவர் தோழர் லியோனவ். அவர் அன்று அதே வட்டாரத்தில் பாராசூட் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தவர். எனக்கு இவர் கூற்றே பொருத்தமாகப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாத காற்றுச் சுழல் சிறு விமானத்தைக் குப்புறக் கவிழ்க்க வல்லது.

மார்ச் 30ஆம் நாள் இருவரின் சாம்பலும் கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1961இல் விண்ணுக்குப் புறப்படும் முன், திரும்பாவிட்டால் கொடுக்கும்படி மனைவி வலந்தினாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார் ககாரின். துயரத்தில் மூழ்க வேண்டாம், பெண்மக்களை நன்கு வளர்க்க வேண்டும், தன் வாழ்வை விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அன்று தேவைப்படாத அக்கடிதம், ஏழாண்டு கழித்து, விமான விபத்திற்குப் பின்னரே அவர் கைக்கு வந்தது. வலந்தினா மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2020 மார்ச்சில் காலமானார்.