செடியைச் சீண்டிப் பார்த்த மேதை

சியால்டா ஸ்டேஷனிலிருந்து வடக்கே ராஜாபஜார் பக்கம் போகும் நம்மவர்கள், சாலையோரம் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். தமது 59-வது பிறந்த நாளான 1917 நவம்பர் 30 அன்று ஸர் ஜகதீச சந்திர போஸ் அதைத் தொடங்கி வைத்தார்.

தகப்பனார் டெபுடி மாஜிஸ்டிரேட். ஆனாலும் மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார். அங்கே செம்படவர் பிள்ளையும் வேலைக்காரர் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இயற்கையின் மீது ஆசை பிறந்தது அவர்கள் சொன்ன கதைகளால்தான்.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885-ல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளைக்காரர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் வேலையை விடவில்லை, சம்பளத்தைத் தொடவில்லை! தகப்பனார் கடனில் மூழ்கியிருந்த சமயம் அது. மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் நமக்கு அதன் கஷ்டம் தெரியும். இடையே 1887-ல் மணந்த அபலா, நம் சென்னையில் வைத்தியம் படித்தவர். மூன்றாண்டு கழித்து முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது. கடனை அடைக்க உதவிற்று.

ரேடியோ அலை ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவர், பிறகு செடிகளின் பக்கம் திரும்பினார். தொட்டாற்சுருங்கியை (வங்காளிகளுக்கு லஜ்ஜாவதி) குழந்தைகள் சீண்டி விளையாடுவார்கள். போஸும் சீண்டினார். ஆனால் எத்தனை நொடியில் சுருங்குகிறது என்று அளந்தார். மின்சாரம் பாய்ச்சினார், குளோரோபாரம் காட்டி மயங்க வைத்தார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரஸ்கோகிராப் கருவியை உள்ளூர்த் தொழிலாளிகளைக் கொண்டே செய்தார். சில விஷங்கள் துளியளவில் வளர்ச்சியைத் தூண்டுவதையும், மிஞ்சினால் தடுப்பதையும் அதில் கண்டார்.

பரீத்பூரில் ஓர் ஈச்சமரம் மாலையில் தலை தாழ்த்தி, காலையில் நிமிரும். கும்பிடும் மரம் என்று ஜனங்கள் திரண்டார்கள். போஸ் கருவியைப் பொருத்தினார். வெப்பம் ஏறினால் மரம் தாழ்கிறது, இறங்கினால் நிமிர்கிறது, அவ்வளவுதான்!

1901-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரது கட்டுரையை அச்சிடாமல் ஒதுக்கியது. 1920-ல் அதுவே அவரை அங்கத்தினராக்கியது. செடிக்கு நரம்பு உண்டு என்ற அவர் கொள்கையை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சைகைகள் ஓடுவது இன்று ஐயமற்ற உண்மை.

1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் வயது 79 நிறைந்திருக்கும்.