ஓலே எவின்றூட்

ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்குச் சென்ற சிறு வள்ளமொன்றில் ஒரு நாள் முற்பகல் நானும் இருந்தேன். பாதி வழியில் வள்ளக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார். பரீட்சைக் கடமைக்குப் போகும் அவசரத்திலிருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை நடுக்கடலில் நிறுத்துவானேன் என்று குறைபட்டுக் கொண்டேன். அவர் சினங்கொள்ளவில்லை. வாத்தியார் இதனைப் பார்க்கவேண்டும் என்று, எஞ்சினின் பின்புறத்துச் சிறு துளையொன்றைக் காட்டினார். ஓடும்போது அத்துளையினின்று நீர் ஓயாது பீறிடவேண்டும். அது நூலாய் மெலிந்து ஆவியோடு நின்றுபோனதைக் கண்டே அவர் நிறுத்தியிருந்தார். எஞ்சினைச் சரித்து உயர்த்தியபோது, அடிப்பாகத்தில் நீரை உள்ளிழுக்கும் வாயைச் சாதாழை மூடிக்கிடந்தது தெரிந்தது.

வள்ளத்தின் பின்பலகையில் பூட்டும் இவ்வெஞ்சின், மோட்டார் வண்டியைப் போலத் தனக்கென நீர்த் தொட்டி வைத்துக்கொள்வதில்லை. தான் நிற்கும் நீரையே உறிஞ்சி, உருளையைச் சுற்றியோட விட்டு, சூட்டைக் கொடுத்துத் திரும்பக் கடலிலே விட்டுவிடுகிறது. உள்ளே நீரை மேலேற்றுவது சிறியதோர் இறப்பர்ச் சில்லு. நீரின்றிச் சிறிது நேரம் ஓடினாலும் அதன் இதழ்கள் கருகி ஒடியும். புதுச் சில்லு போட்டால் மட்டும் போதாது. ஒடிந்த துண்டுகள் மேலேயுள்ள நீர்வழியில் சிக்கியிருக்கும், அவற்றையும் தேடி எடுத்தாக வேண்டும். சில வேளை குற்றம் துளையிலேயே இருப்பதுமுண்டு. உப்புப் படிந்து அது அடைபட்டிருந்தால் மெல்லிய கம்பியொன்றே மருந்து. இவற்றையெல்லாம் எஞ்சின் ஆறும்வரை அவரிடம் கேட்டறிந்தேன். இவ்வகை எஞ்சினை உலகெங்கும் பரப்பிய ஓலே எவின்றூட்டின் வரலாற்றை முன்னரே படித்திருந்தேன். ஆயினும் அதில் ஒரு பகுதி அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

எவின்றூட் 1877 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டில் பிறந்தவர். சிறு பிள்ளையாயிருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஏரியோரத்துப் பண்ணையொன்றில் குடியேறியது. பள்ளிப்படிப்பு நீடிக்கவில்லை. 16 வயதில் மடிசன் நகரம் சென்று யந்திரசாலைகளில் வேலை பழகினார். எஞ்சினியர் கலையை இரவில் தாமே நூல்களைப் படித்துக் கற்றார். பின்னர் மில்வோக்கி நகரில் தொழில் தொடங்கினார். கணக்கிலும் கடிதத்திலும் அவருக்குக் கைவராததை நிறைவு செய்தவர் பெஸ் கேரி என்னும் மங்கை. அவரையே 1906 இல் மணந்தார்.

ஏரியொன்றின் தீவில் விருந்துண்ணச் சென்றபோது பெஸ் ஐஸ்கிறீம் விரும்ப, எவின்றூட் கரைக்குத் துடுப்பு வலித்துச் சென்று வாங்கிவர, வெயிலில் அது உருகிப்போயிற்று என்றும், அதனாலே எஞ்சின் பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை இனிது. ஆனால் கமரன் வாட்டர்மன் என்பார் இத்தகைய எஞ்சினை அவருக்கு முன்பே விற்றுவந்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது. எவின்றூட்டின் பெருமை முதலிற் செய்ததில் அன்று. நம்பத்தக்கதாகச் செய்ததிலேயே உள்ளது. அவரது முதல் எஞ்சினைக் கண்ட பெஸ்ஸுக்குக் காப்பிக்கொட்டை அரைக்கும் யந்திரமே நினைவுக்கு வந்ததாம்! 1909 இல் சந்தைக்கு வந்த எஞ்சின் 62 இறாத்தல் எடை, ஒன்றரைக் குதிரைவலு, 62 டொலர் விலை. அதுவும் ஏரிநீராலேயே குளிர்ந்தது. துடுப்புகளை எறிந்துவிடும்படி மக்களை அழைக்கும் விளம்பரத்தைப் பெஸ் எழுதினார். கட்டளைகள் வந்து குவிந்தன.

1914 இல், தொழில் உச்சத்தில் நிற்கையில், எவின்றூட் தம் பங்கைக் கூட்டாளியான கிறிஸ் மெயருக்கு விற்றுவிட்டார். பெஸ்ஸின் உடல் நலிந்திருந்தது, காரணம் அவ்வளவே. ஐந்தாண்டுகள் அத்தொழிலில் போட்டியிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். மனைவியோடும் மகன் றால்ஃபோடும் ஊர் ஊராகப் பயணஞ் செய்தார். வரலாறு எழுதுவோர் பலர் இதனை இரண்டு வரியில் கடந்துவிடுவர். நானும் முன்பு அவ்வாறே கடந்திருக்கிறேன். ஓடுகின்ற எஞ்சினை நிறுத்துவானேன் என்று வள்ளக்காரரிடம் கேட்ட அதே மனத்தோடு.

அந்த ஓய்வுக் காலத்திலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. அலுமினியத்தால் இரட்டை உருளையும் மூன்று குதிரைவலுவும் கொண்டு, 50 இறாத்தலுக்கும் குறைந்த எடையில் ஓர் எஞ்சினை வகுத்தார். தாம் விற்ற நிறுவனத்துக்கே அதனை முதலிற் கொண்டுசென்றார்; மெயர் வேண்டாமென்றார். ஆகவே கணவனும் மனைவியும் மீண்டும் சேர்ந்து எல்ட்டோ என்னும் பெயரில் 1921 இல் புதுத் தொழில் தொடங்கினர். தம் பெயரைத் தாங்கிய பழைய எஞ்சினோடு தாமே போட்டியிடும் விந்தை நிலை அவருக்கு நேர்ந்தது. 1929 இல் இரு நிறுவனங்களும் வேறொன்றும் ஒன்றாயின, எவின்றூட்டே தலைவரானார்.

1933 இல் பெஸ் காலமானார். அடுத்த ஆண்டு ஜூலையில், 57 வயதில், எவின்றூட்டும் மறைந்தார். மகன் றால்ஃப் தொழிலை ஏற்றார். அவர் பெயர் பொறித்த எஞ்சின்களின் உற்பத்தி 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

எங்கள் எஞ்சின் ஆற அரை மணிக்கு மேலாயிற்று. மீண்டும் முடுக்கியதும் துளையில் நீர் பீறிட்டது. வள்ளக்காரர் அதனுள் விரலை நீட்டி, சூடு பார்த்துவிட்டே எழுவைதீவை நோக்கித் திருப்பினார்.